பந்தி விசாரிப்பு

(சமயப் பள்ளி ஆசிரியர்கள், மாணவர் தலைவர்கள் கூடிய கோடைக்கால வகுப்பொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயக் கல்வி புகட்டும் விழுமியங்களைச் சமுதாய வாழ்வில் அனுஷ்டித்தல் என்ற தலைப்பை எனக்கு அனுப்பிய உங்கள் செயலாளர், அதைக் கண்டு நான் மிரண்டுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, "தங்களுக்கு உசிதமானபடி பேசலாம்" என்று கடிதத்தின் அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து நிற்கிறேன். தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றில், காலையில் தேவாரமும் மாலையில் பஜனையும் கட்டாயமாக இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராகக் காலந்தள்ளியவனுக்கு, விழுமியங்களைக் குறித்துத் தத்துவ விசாரம் செய்யும் யோக்கியதை கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியின் ஸ்தாபகர் நினைவு நாளன்று, சுற்று வட்டாரத்து ஜனங்களுக்கு மாணவர்களே முன்னின்று நடத்துகிற அன்னதானத்தை 22 ஆண்டுகள் மேற்பார்த்தவன் என்ற முறையில், அண்டாவைப் பற்றியும் இலையைப் பற்றியும், இலை எடுத்த பிறகு தரையில் கிடக்கும் பருக்கையைப் பற்றியும் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

சமயப் பள்ளிகளில் நாம் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்றேனும் தவறென்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லா உயிர்களிடத்தும் இறைவன் உறைகிறான் என்கிறோம். பசித்தவனுக்குச் சோறிடுவதே பூஜை என்கிறோம். நான் என்னும் அகங்காரம் ஒழிய வேண்டும் என்கிறோம். பையன்களும் குற்றமில்லாமல் ஒப்பிக்கிறார்கள், பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிரார்த்தனை மண்டபத்தில் கண்ணை மூடி அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எதிரே யாருமில்லை; எதிரே யாருமில்லாத இடத்தில் கருணையுடன் இருப்பதற்கு ஒரு செலவும் இல்லை. பசியோடு ஒருவர் எதிரே வந்து அமர்ந்து, அவர் கையில் அழுக்கிருந்து, அவர் மூன்றாம் முறையும் சாம்பார் கேட்டு, நம் வாளியிலோ சாம்பார் அடிமட்டத்துக்கு வந்துவிட்ட சமயத்தில், மண்டபத்தில் படித்த பாடம் எங்கே நிற்கிறது என்பதைத்தான் ஒரு பொது விழா நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

நம் முன்னோர்கள் இதற்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மூத்தவர் ஒருவர் தோளில் துண்டோடு இலை வரிசையின் குறுக்கே மெதுவாக நடந்து போவார். அவர் கையில் கரண்டியுமில்லை, வாளியுமில்லை. "இந்த இலைக்கு அப்பளம்", "குழந்தைக்குக் கொஞ்சம் நெய்", "பெரியவருக்கு ரசம் சூடாக" என்று சொல்லிக்கொண்டே போவார். இதற்குப் பந்தி விசாரித்தல் என்று பெயர். வாய் திறந்து கேட்பதற்கு முன்பே, கேட்கக் கூச்சப்படுகிறவனின் இலையைப் பார்த்து அறிந்துகொள்வது அந்த உத்தியோகம். பரிமாறுவதற்குக் கை பலம் போதும். பந்தி விசாரிப்பதற்குப் பிறர் இலையில் கண் வேண்டும். ஒரு மாணவனை நல்ல பந்தி விசாரிப்பாளனாக ஆக்கிவிட்டால், தயை என்ற பாடத்தை அவனுக்குத் தனியாக நடத்த வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை.

சமயமும் சமையலும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு நம் நாட்டில் வடலூரைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேறு வேண்டியதில்லை. இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள். சத்திய ஞான சபையில் முதல் தைப்பூச வழிபாடு நடந்தது 1872 ஜனவரி 25. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். வழிபாட்டுக்குரிய ஜோதிக்கு முன்னால், ஏறக்குறைய ஐந்தாண்டு முன்னால், அடுப்பு மூட்டப்பட்டிருக்கிறது. கோயில் கட்டி முடித்து, கும்பாபிஷேகம் நடத்தி, மிச்சப் பணத்தில் மடைப்பள்ளி கட்டுவதுதான் நாம் சாதாரணமாகக் காணும் கிரமம். அடிகளார் அந்தக் கிரமத்தையே தலைகீழாக்கினார். பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில் எழுந்த அந்தச் சாலையில், 21 அடி நீளமுள்ள அடுப்பில் அன்று இட்ட தீ இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அங்கே சோறு பெறுகிறவனுக்கு ஒரே ஒரு தகுதிதான் விதிக்கப்பட்டது: அவனுக்குப் பசி இருக்க வேண்டும். என்ன ஜாதி, என்ன சமயம், எந்த ஊர், நல்லவனா கெட்டவனா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. விசாரணை என்றால் பந்தி விசாரணை ஒன்றுதான்.

அன்றைய வங்க மாகாணத்திலும் இதை ஒத்த சம்பவம் ஒன்று அதே காலத்தில் நிகழ்ந்திருக்கிறது. 1868-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமகிருஷ்ணர், மதுர்பாபு என்ற செல்வந்தரோடு காசி யாத்திரை போகும் வழியில் தேவ்கரில் தங்கினார். அங்கே எலும்பும் தோலுமாய், தலையில் எண்ணெயின்றி, உடுக்கத் துணியின்றி இருந்த கிராமத்து ஏழைகளைக் கண்டு, இவர்களுக்கு ஒருவேளை வயிறாரச் சோறும், தலைக்கு எண்ணெயும், ஆளுக்கொரு துணியும் கொடுத்தால்தான் மேலே வருவேன் என்றார். செலவை எண்ணி மதுர்பாபு தயங்கியபோது அவர் தர்க்கம் ஏதும் செய்யவில்லை; எழுந்து போய் அந்த ஏழைகளின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார். வேறு வழியின்றி மதுர்பாபு கல்கத்தாவிலிருந்து துணி தருவித்துக் கொடுத்த பிறகே யாத்திரை தொடர்ந்தது. அவர் அன்று செய்தது உபதேசமன்று, உட்கார்ந்த இடத்தை மாற்றிக்கொண்டது மட்டுந்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நான் பின்னால் சொல்லப்போகும் விஷயம் முழுவதும் யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றியதே. 1897-இல் விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனை நிறுவ, அவருடைய சகோதரத் துறவி அகண்டானந்தர் அவ்வாண்டே முர்ஷிதாபாத் ஜில்லாவில் பஞ்ச நிவாரணத்தில் இறங்கியதும், சென்னைக்கு வந்த மற்றொரு சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தரின் ஊக்கத்தால் மயிலாப்பூரில் 1905-இல் ஏழே மாணவர்களோடு ஏழைப் பிள்ளைகளுக்கான விடுதி பிறந்ததும், தேவ்கரில் அவர்களுடைய குருநாதர் போட்ட அந்தப் பந்தியின் நீட்சி என்றே நான் கொள்கிறேன்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியிலிருந்து சேரன்மாதேவி தொலைவில்லை. சிறு வயதில் திண்ணைகளில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் "குருகுலத்து விவகாரம்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்; கேட்டு முடிவதற்குள் விரட்டிவிடுவார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், கம்பனைத் தோய்ந்து கற்றவரும், தேசத்துக்காகச் சகலத்தையும் துறந்தவருமான வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய அந்தக் குருகுலத்தின் நோக்கங்களில் யாரும் குறை காண முடியாது. தமிழ்க் கல்வி, தேசபக்தி, உடலுழைப்பு, எளிய வாழ்வு. காங்கிரஸ் கமிட்டியே பொருளுதவி செய்தது. அப்படிப்பட்ட பள்ளியில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கி, தனியே இலை போடப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த இரண்டு இலைகளிலிருந்து கிளம்பிய புயல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவையும் ஈ.வெ. ராமசாமி நாயக்கரையும் கிளர்ந்தெழச் செய்தது. காந்தியடிகள் வரையில் போயிற்று. தமிழ்நாட்டுக் காங்கிரஸை இரண்டாகப் பிளந்தது. பெரியார் அந்த ஸ்தாபனத்தை விட்டு வெளியேறியதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. அந்தச் சூடு தணிவதற்குள்ளாகவே, 1925 ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியில் விழுந்த மகளைக் காக்கப் போய் ஐயரும் உயிர் துறந்தார்.

ஐயர்மீது வசை கூற நான் இதைச் சொல்லவில்லை. அவரிடம் ஜாதித் துவேஷம் இருந்ததாக அவருடைய கடுமையான எதிரிகளுங்கூடச் சொல்லத் தயங்குவார்கள். இரண்டு பெற்றோரின் மனம் நோக வேண்டாமே என்ற தாட்சணியந்தான் அவரைத் தடுக்கி விழ வைத்தது. நம்மில் யார் தாட்சணியத்துக்கு ஆட்படாதவர்? ஆனால் ஒரு பள்ளியின் பாடத் திட்டத்தைப் பொதுஜனங்கள் படித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பள்ளியின் பந்தியைப் பார்க்கிறார்கள். ஐந்தே ஆண்டு கழித்து, 1930-இல், கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கியபோது எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து உண்பதை ஆதி முதலே அதன் நியமமாக வைத்துக்கொண்டதும், பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்துக்கு 1934-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டியதும், சேரன்மாதேவி கற்பித்த பாடத்தை யாரோ சிரத்தையாகப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், எங்கள் பள்ளியில் நாங்கள் முதல் வருஷம் செய்தது என்ன? அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பரிமாறுகிற பையன்கள் பசியோடு இருந்தால் ஓடியாட முடியாது என்ற நியாயமான காரணத்தை வைத்து, காலை பத்து மணிக்கே விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் உட்கார்த்தித் தட்டில் சாப்பாட்டை முடித்துவிட்டோம். பதினொன்றரைக்கு மைதானத்துப் பந்தலில் ஊராருக்கு இலை போட்டோம். ஜனங்கள் வந்தார்கள், வயிறார உண்டார்கள், வாழ்த்தினார்கள். இரண்டாம் பந்தியில் கீழத்தெருவிலிருந்து வந்திருந்த ஒரு ஆச்சி, பரிமாறிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை நிறுத்தி, "யாரு வீட்டு விசேசம்யா இது?" என்று கேட்டார். "எங்க பள்ளிக்கூடத்து விசேஷம் ஆச்சி" என்றான் பையன். "அப்பம் நீங்கள்லாம் எங்க வச்சுச் சாப்பிட்டிய?" என்றார். அவன் விடுதியைக் கைகாட்டினான். ஆச்சி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "விசேச வீட்டுக்காரங்க பந்தியிலே உக்கார மாட்டியளோ?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து சோற்றைப் பிசையலானார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். பையன் என்னிடம் வந்து சொன்னபோது, கணக்கில் விடை தப்பிப்போய்ப் பின்னோக்கி ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறவனைப் போல, அன்று நாங்கள் செய்த ஒவ்வொரு காரியத்தையும் நான் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

பையன் வாயால் விசேஷம் என்றான். எங்கள் ஏற்பாடோ தர்மம் என்றது. விருந்தாளியை அழைத்தவன் அவனோடு அமர்ந்து உண்பான். தர்மம் போடுகிறவன் உண்டுவிட்டு வந்து போடுவான். இந்தப் பேதத்தை நாங்கள் எந்தச் சொற்பொழிவிலும் சொல்லவில்லை, ஆனால் இலையும் தட்டும், பத்து மணியும் பதினொன்றரை மணியும் சேர்ந்து எங்களுக்காக அதைச் சொல்லிவிட்டன. சீக்கியர்களின் மூன்றாம் குருவான அமர்தாஸ் கோயிந்த்வாலில் ஏற்படுத்திய நியமம் ஒன்று உண்டு: குருவைத் தரிசிக்க வருகிறவர் யாராயினும் முதலில் பொதுப் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும், பிறகுதான் சபை. அக்பர் பாதுஷாவே அப்படி அமர்ந்து உண்டதாக அவர்களுடைய மரபு சொல்லும். பொற்கோயிலின் லங்கருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே சப்பாத்தி இடுகிறவனும் இரண்டு கையும் ஏந்தி வாங்குகிறவனும் அரைமணி கழித்து இடம் மாறிக்கொள்ளக் கூடும். பதினாறாம் நூற்றாண்டிலேயே ஒரு குருவானவர் தீர்த்து வைத்த விஷயத்தில், நாங்கள் ஒரு கீழத்தெரு ஆச்சி வந்து கேட்கும் வரையில் விழித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வருஷம் முறையை மாற்றினோம். ஒவ்வொரு பந்தியிலும் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள், தொடர்ந்தாற்போல் அல்லாமல் ஊராரோடு கலந்து அமர வேண்டும் என்றும், பந்திக்குப் பந்தி பரிமாறுகிறவர்களும் உண்கிறவர்களும் மாற வேண்டும் என்றும், இலை எடுக்கிற வேலை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லோருக்கும் வரவேண்டும் என்றும் வைத்தோம். எழுதுவதற்கு இரண்டு வரி. நடத்துவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. தம் மகன் எச்சில் இலை எடுப்பதற்காகப் பள்ளியில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டார். தலைமையாசிரியர் விதிவிலக்குக் கொடுக்க மறுத்தார்; பையன் தன் முறை வந்தபோது மறுப்பேதும் சொல்லாமல் இலை எடுத்தான்; அடுத்த ஜூன் மாதம் தகப்பனார் அவனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். இதை ஒரு வெற்றியாக நான் சொல்லவில்லை. நல்ல கணக்குப் பிள்ளை. அவன் போனதில் எனக்கு இன்றும் வருத்தந்தான்.

கணக்கு என்றதும் சமையற்கட்டு ஞாபகம் வருகிறது. எங்கள் தவசிப்பிள்ளை ஏட்டுப் படிப்பு இல்லாதவர். ஆனால் "படிக்குப் பத்து இலை" என்று ஒரு சூத்திரம் வைத்திருந்தார். 1,200 பேர் என்றால் 120 படி அரிசி; இதில் கூட்டல் கழித்தல் எல்லாம் பையன்களின் பொறுப்பு. விகித சமத்தை நான் வகுப்பில் ஒரு மாதம் நடத்தியும் புரியாத பிள்ளைகளுக்கு, பருப்பு எத்தனை, புளி எத்தனை, தலைவாழை எத்தனை கட்டு, கோட்டை அடுப்புக்கு விறகு எத்தனை என்று பட்டியல் போட்ட ஒரே மாலையில் புரிந்துவிட்டது. இது நிற்க. நான் சொல்ல வந்தது கடைசிப் பந்தியைப் பற்றி.

எந்தத் தவசிப்பிள்ளையின் சூத்திரமும் கடைசிப் பந்தியில் சற்றுத் தடுமாறும். கூட்டம் எதிர்பார்த்ததைவிட ஏறிவிட்டால் முதலில் பாயசம் தீரும், பிறகு கூட்டும் பொரியலும், பிறகு சாம்பாரில் வெந்நீர் சேரும், கடைசியில் மோரும் ஊறுகாயுந்தான். எல்லா வீட்டு விசேஷத்திலும் இது நடப்பதுதானே என்று இரண்டு மூன்று வருஷம் சும்மா இருந்தோம். ஒருமுறை பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், நான் கேட்காமலே, பந்திவாரியாக வந்தவர்கள் யார் யார் என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தான். முதல் பந்தியில் பள்ளிக்கு அடுத்த அக்ரகாரத்துக்காரர்களும், கடைவீதிக்காரர்களும், ஓய்வு பெற்றவர்களும். இரண்டாம் பந்தியில் மேலத்தெருப் பெண்கள், குழந்தைகள். மூன்றில் பக்கத்துக் கிராமத்தார். நான்காம் பந்தியில், மணி மூன்றுக்கு மேல், வயலில் நடவு முடித்துக் கால் சேற்றோடு வந்தவர்கள், செங்கற்சூளையில் வேலை செய்கிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது ஒரு உண்மை எனக்கு உறைத்தது: யாரையும் நாங்கள் பின்னுக்குத் தள்ளவில்லை, ஆனாலும் எவனுக்குப் பசி அதிகமோ அவனே கடைசியில் வந்து சேர்கிறான், எவன் கடைசியில் வந்தானோ அவனுக்கே பாயசம் இல்லை. காலம் என்பதும் ஒரு சொத்து. அது இருக்கிறவன் முதல் பந்தியில் உட்காருகிறான். பள்ளியின் கருணை எவ்வளவு விசாலமாக இருந்தாலும், கடிகாரம் தன் பாட்டுக்கு ஜாதியும் வர்க்கமும் பிரித்துவிடுகிறது.

மாணவர்கள் கூடிப் பேசி ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். பாயசம் இறக்கியவுடனேயே நான்காம் பந்திக்குரிய பங்கைத் தனித் தவலையில் எடுத்து மூடி, அதற்கு ஒருவன் காவல் இருப்பது. குறைவதானால் முதல் பந்தியிலேயே எல்லோருக்கும் அரைக் கரண்டி குறைப்பது. தவசிப்பிள்ளை ஒப்பவில்லை. முதல் பந்தியில்தான் பெரிய மனிதர்கள் இருப்பார்கள், அங்கே குறைத்தால் பேர் கெட்டுவிடும் என்றார். அவர் தொழிலில் அது சத்தியமான வார்த்தை. கொஞ்சம் பேர் கெட்டதும் உண்மை. "இந்த வருஷம் பாயசம் அளந்து ஊத்துதானுவ" என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில் எங்கள் பள்ளி சம்பாதித்த நற்சாட்சிப் பத்திரங்களிலேயே சிறந்தது அதுதான்.

இளைஞர்கள் தாமே முன்வந்து இப்படியொரு காரியத்தைத் தொடங்கியதற்கு உலக சரித்திரத்தில் ஒரு அழகான உதாரணம் உண்டு. 1833-இல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓஸானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவன், கத்தோலிக்க சமயத்தின் பெருமைகளைப் பற்றி மாணவர் சபை ஒன்றில் விமரிசையாக வாதித்துக்கொண்டிருந்தான். எதிர்க் கட்சிக்காரர்கள் அவனை மடக்கினார்கள்: உங்கள் சமயம் முற்காலத்தில் மகத்தான காரியங்கள் செய்தது மெய்தான், இப்பொழுது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முந்திய ஆண்டுதான் காலரா அந்த நகரத்தைச் சூறையாடியிருந்தது. பதில் சொல்ல வாயெடுக்காமல், தானும் ஒரு நண்பனுமாகத் தங்கள் குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஒரு ஏழையின் வீட்டுக்குப் போனான் என்று சொல்வார்கள். ஏப்ரல் 23 அன்று, அவனுக்கு இருபது வயது நிறைந்த நாளில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்களும் பெய்யி என்ற பத்திரிகையாளரும் கூடித் தொடங்கிய சிறு சங்கந்தான் இன்று நம் ஊர்த் தேவாலயங்களிலும் நாம் காணும் வின்சென்ட் தெ பவுல் சபை.

அந்த வாலிபர்களுக்கு ஆர்வம் இருந்ததே தவிர, வழி தெரியவில்லை. சேரிப் பகுதியில் நெடுநாள் ஊழியம் செய்துவந்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரீயிடம் போய்க் கேட்டார்கள். அவர் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று குடும்பங்களின் பெயர் சொல்லி அனுப்பினார். ரொட்டிச் சீட்டுகளும் கொடுத்து உதவினார். ஏழைகளை ஒரு மண்டபத்துக்கு வரவழைத்துக் கொடுப்பதல்ல, அவர்கள் வீட்டுக்குப் போய், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து பேசுவது என்பது அந்தச் சபையின் வழக்கமாயிற்று. அனுபவசாலியான ஒரு அம்மையாரிடம் போய் "எங்களுக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டார்களே, அந்தக் கேள்வியை நம் பள்ளிகளின் விழாக் கமிட்டிகள் கேட்டு நான் கண்டதில்லை. வாழ்த்துரை வழங்குவதற்குத்தான் ஊர்ப் பெரியவர்களைத் தேடிப் போகிறோம். ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த சத்துணவு ஆயாவையோ, சூளை மேஸ்திரியையோ அழைத்து நாற்காலி போட்டு விசாரிப்பதில்லை.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் அரிசி ஆலை முதலாளி ஒருவர் பத்து மூட்டை அரிசி தருவதாகவும், பந்தல் முகப்பில் தம் பெயரைப் பெரிய எழுத்தில் கட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பத்து மூட்டை சாமானியமல்ல. மாணவர் கமிட்டி இரண்டு மாலை இதை விவாதித்தது. பசித்தவனுக்கு யார் பெயரில் சோறு வந்தால் என்ன என்று ஒரு கட்சி, நம் விருந்தாளியை இன்னொருவருடைய விளம்பரப் பலகையின் கீழே உட்கார வைப்பது என்ன மரியாதை என்று ஒரு கட்சி. நான் உள்ளே புகவில்லை; உண்மையில் எனக்கே நிச்சயமில்லை. முடிவில், கொடுத்தவர்கள் எல்லாருடைய பெயரும் மறுநாள் காலைப் பிரார்த்தனையில், அகர வரிசைப்படி, தொகை சொல்லாமல் வாசிக்கப்படும் என்று அவருக்குப் பணிவாகக் கடிதம் எழுதினார்கள். அவரும் பணிவாகவே இரண்டு மூட்டை அனுப்பிவைத்தார். எட்டு மூட்டைக்கு ஈடு கட்டப் பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி தண்டினார்கள். அதனால் அந்த வருஷம் ஊரில் பாதி வீட்டு அரிசி ஒரே அண்டாவில் வெந்தது, புழுங்கலும் பச்சையும் கலந்து, வேக்காடு ஒரு தினுசாக, தவசிப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளும்படியாக.

ஒரு நாள் சோறு போட்டு என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஊரின் பசி அந்த ஒரு நாளில் தீர்ந்ததாக நாங்கள் யாரும் மனப்பால் குடிக்கவில்லை. தீர்த்து வைக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை, நல்ல கூலியின் கடமை. எங்கள் அன்னதானத்தின் பயன் முக்காலும் எங்களுக்கே. கீழத்தெரு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே பள்ளியிறுதித் தேர்வு எழுதிப் போயிருக்கக்கூடிய பிள்ளைகள், பிடியரிசிப் பையோடு அந்தத் தெருவில் நடந்தார்கள். இருக்கிற வீட்டில் ஒரு பிடி தயங்கி விழுவதையும் இல்லாத வீட்டில் இரண்டு பிடி தாராளமாய் விழுவதையும் கண்ணால் கண்டார்கள். தேவாரம் ஒப்பிப்பதில் கடைசியாக நின்ற ஒரு முரட்டுப் பையன், பந்தி விசாரிப்பதில் அவனுக்கு இணையில்லை என்று பேர் வாங்கினான். இலையின் ஓரத்தில் விரல் தயங்குவதைப் பார்த்தே இவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவான். அவனுக்குச் சமயப் பாடத்தில் 37 மதிப்பெண் போட்டவர், இங்கே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆச்சியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. முறை மாறிய வருஷம், பந்தி தொடங்குவதற்கு வெகு முன்பே அவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். முந்தானையில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தார். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படி வருவது என்று, தம் வீட்டுக் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைக் கொண்டுவந்திருந்தார். நன்கொடை நோட்டை வைத்துக்கொண்டிருந்த பையன் எண்ணிப் பார்த்தான், பன்னிரண்டு. பெயர் கேட்டதற்கு, "கீழத்தெரு ஆச்சின்னு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பிரார்த்தனையில் அந்தப் பெயரும் அகர வரிசையில் தன் இடத்தில் வாசிக்கப்பட்டது. நோட்டில் பொருளாக வந்தவற்றுக்கு மதிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. பையன் அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தான். வருஷக் கடைசியில் தணிக்கைக்கு வந்தவர் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார். நான் ஓய்வு பெற்று அலமாரிச் சாவியை ஒப்படைத்த அன்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கேள்விக்குறி அப்படியேதான் இருந்தது.